பாதி உடைத்த பாலத்தில் இரண்டு ஊர்வலங்கள்

ஒரு தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் நீங்கள் இப்போது படம் போடுகிறீர்கள். எந்த வண்டி எங்கே திரும்ப வேண்டும், தடுப்பு எங்கே, சிவப்பு விளக்கு எங்கே, கொடி பிடிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒரு பெயரும் இருக்கிறது. நான் சித்தூரில் ஓவர்சியராகச் சேர்ந்த காலத்தில் அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. ஒரு தார் பீப்பாயை நடுத்தெருவுக்கு உருட்டி வந்து, அதன் மேல் ஒரு முள்கொத்தைச் செருகி வைத்தால் எங்கள் கடமை முடிந்தது. மிச்சத்தை மாடுகள் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை ஒரே கோடையில், ஒரே சிறு பாலத்தில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்கிறேன். அளவுகளையும் கலவையையும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரம் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயவே இல்லை. டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் ஒரு கிராமம் அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் திரும்பி வந்துவிடும். என் வீடு பாலசமுத்திரம் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ஆபீசில் இரண்டும் கலந்து கொஞ்சம் இங்கிலீஷ். எனக்குக் கனவு எந்த மொழியில் வருகிறது என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன். கனவில் யாரும் பேசுவதாகவே நினைவில்லை. எல்லோரும் எங்கோ நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பாலம் கடைத்தெருவில் இருந்தது. திருப்பதி ரோட்டையும் வேலூர் ரோட்டையும் சேர்க்கும் தெரு அது. நடுவே ஒரு மழைநீர்க் கால்வாய் ஓடும். அதன் மேல் போட்டிருந்த கற்பலகைகள் விரிசல் விட்டிருந்தன. ஊரார் அதை மோரி என்பார்கள். கற்பலகைகளை எடுத்துவிட்டு மழைக்கு முன் கான்கிரீட் போட வேண்டும் என்று உத்தரவு. மாம்பழக் காலம். விடிந்ததிலிருந்து தோட்டத்து வண்டிகள் வரிசையாக வரும். வைக்கோலுக்குள் பழுக்கும் மாங்காயின் வாசம், வெயில் ஏற ஏறத் தெரு முழுக்க மஞ்சளாகத் தேங்கி நிற்கும். அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டிருந்தால் பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கும்.

எங்கள் அசிஸ்டெண்ட் இன்ஜினியர், ஏ.இ. என்போம், கோதாவரிக் கால்வாய் வேலையிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் புரியும், பேச வராது. தெருவை முழுக்க மூடிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். வண்டிகளைப் பின்பக்கத்து மாந்தோப்புச் சந்து வழியாகத் திருப்பிவிடப் படம் போடச் சொன்னார். போட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஸ் முதலாளிகளுக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினோம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஞானம்மாள் எங்கள் ஆபீசுக்கு வந்தார். சித்தூரின் பழைய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. வெள்ளைச் சேலை, சத்தமில்லாத செருப்பு. அவருடைய ஆஸ்பத்திரி பாலத்துக்கு வேலூர்ப் பக்கத்தில் இருந்தது. திருப்பதி ரோட்டுக் கிராமங்களின் நோயாளிகள் எல்லோரும் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் கோபமாகப் பேசவில்லை. படத்தை என் மேசையில் விரித்து, சந்தின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தச் சந்துல நீங்க எப்பவாச்சும் படுத்துக்கினு போயிருக்கீங்களா?"

நடந்து போயிருக்கிறேன், சைக்கிளில் போயிருக்கிறேன் என்றேன்.

"எங்க ஆளுங்க நடந்து வர்றதில்ல. படுத்துக்கினுதான் வராங்க. ஒரு தடவ படுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

வாசலில் ஒரு கட்டை வண்டி நின்றது. அவரே கூட்டி வந்திருந்தார். வைக்கோல் மேல் ஒரு போர்வை விரித்திருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்க, நான் அதில் மல்லாந்து படுத்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார்.

நான் மாதக்கணக்கில் பார்த்திருந்த சந்துதான் அது. படுத்துக்கொண்டு பார்த்தபோது வேறு ஊராக இருந்தது. முதலில் வெறும் வானம். பிறகு மாங்கிளைகள் ஒவ்வொன்றாக முகத்துக்கு மேலே வந்து பின்னால் போயின. ஒரு கிளையில் அறுந்த காற்றாடி ஒன்று சிக்கியிருந்தது. யாரோ உலர்த்திய சிவப்புச் சேலை ஒன்று நெடுநேரம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளம் எப்போது வரும் என்று தெரியாது, வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறித் தலையில் வந்து முடிந்தது. சந்து திரும்பும் முனையில் வண்டியால் திரும்ப முடியவில்லை. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி பூட்டினார். அந்த நேரமெல்லாம் சூரியன் நேராக என் கண்ணில் இருந்தது. காலும் கையும் நன்றாக இருந்த எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. உடைந்த எலும்போடு ஒருவன் அங்கே கிடந்தால் என்ன ஆவான் என்பதை ஞானம்மாள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏ.இ.யிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தத் திருப்பத்தைப் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு பாலத்துக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மதியம் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது, பாதிப் பாதியாக உடைப்போம் என்றார். அப்படிச் செய்தால் தளத்தின் நடுவில் ஒட்டு விழும். வேலை நீளும். மழை முந்திக்கொண்டால் பள்ளமெல்லாம் தண்ணீர். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தெலுங்கில் சொன்னது இதுதான்: கால்வாயில் இருந்தவரை தண்ணீரைத் திருப்பினேன், தண்ணீருக்கு அவசரம் கிடையாது, இங்கே வருகிறவர்களில் சிலருக்கு அவசரம் இருக்கிறது, யாருக்கு என்று பார்த்து வழியைப் போடு. என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாடம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்கு உரை.

புதுப் படம் போட்டேன். ஒரு பாதியில் ஆள் உயரப் பள்ளம், ஓரமாக மூங்கில் தடுப்பு. மறு பாதியில் ஒரு பஸ் போகும் அகலத்துக்கு வழி. இரண்டு முனையிலும் சிவப்பும் பச்சையுமாகக் கொடியோடு ஒவ்வொரு ஆள். நோயாளி வண்டி முதலில், பஸ் அடுத்து, பாரம் ஏற்றிய வண்டி அதற்கடுத்து, காலி வண்டி கடைசி. ஆரம்பத்தில் சண்டை. பிறகு ஊர் பழகிவிட்டது. காத்திருப்பவர்களுக்காக ஒருவர் நுங்குக் கடை போட்டார். திருப்பதியிலிருந்து திரும்பும் பஸ், மொட்டைத் தலைகளில் சந்தனம் மின்ன, முனையில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும். அணைத்ததும் தெரு முழுக்க ஓர் அமைதி இறங்கும். மாடுகள் அசைபோடும். வெயில் நடுங்கும். அந்த அமைதியைக் கேட்பதற்காகவே நான் அங்கே நின்ற நாட்கள் உண்டு.

இப்போது, ஊர்வலங்கள் வந்த சந்தை நாளுக்கு வருகிறேன்.

முற்பகல். ஏ.இ. ஜல்லி பார்க்கக் குவாரிக்குப் போயிருந்தார். நான் பாலத்தின் நடுவில் மேஸ்திரியோடு கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. எல்லைக் கிராமங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஓர் ஊர்வலம், கொடிகளோடு வந்துகொண்டிருந்தது. அவர்கள் திருப்பதி ரோட்டு மைதானத்துக்குப் போக வேண்டும். சற்று நேரத்தில் திருப்பதிப் பக்கத்திலிருந்தும் சத்தம். ஒரு கிராமத்தையும் விடமாட்டோம் என்று இன்னோர் ஊர்வலம். அவர்கள் சந்தைத் திடலுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்னுடைய ஒற்றை வழி இருந்தது. பக்கத்தில் பள்ளம், பள்ளத்தில் நட்டுக்கொண்டு நிற்கும் இரும்புக் கம்பிகள்.

நான் செய்த முதல் வேலை, இரண்டு முனையிலும் சிவப்புக் கொடியைத் தூக்கச் சொன்னது. கொடிக்காரர்கள் இருவரும் பயந்திருந்தார்கள். ஆனாலும் தூக்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஊர்வலங்கள் நின்றன. அத்தனை நாள் பழக்கம்.

நின்ற பிறகுதான் பார்த்தேன், தமிழ் ஊர்வலத்தின் முன் வரிசையில் என் அண்ணன் துரைசாமி. ஊரில் பயிர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் மூங்கிலில் கட்டிய கொடி. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தம்பி இருக்கிறான், வழி கிடைத்துவிடும் என்று நினைத்திருப்பான். அவன் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்வதும், அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவதும் தெரிந்தது. அந்தத் தலையாட்டலை எதிர்முனையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அங்கே குரல் ஏறியது. தமிழ்க்கார ஓவர்சியர் தன் ஆட்களைத்தான் விடுவான் என்று ஒருவர் தெலுங்கில் கத்தினார்.

இருந்தது ஒரே ஒரு கான்ஸ்டபிள். யாரை முதலில் விடப்போகிறாய் என்று என்னைக் கேட்டார். யாரை முதலில் விட்டாலும் மற்றவர்கள் பாய்வார்கள், பாய்ந்தால் முதலில் மூங்கில் உடையும், பிறகு ஆட்கள் கம்பிகளின் மேல் விழுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் இருங்கள் என்றேன்.

அப்போது திருப்பதிப் பக்கத்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வண்டிக்காரரின் குரல் கேட்டது. மாமரத்தில் பழம் பறிக்க ஏறி விழுந்தவரைக் கொண்டுவருகிறார்கள். தொடை முறிந்திருக்கிறது. எனக்கு ஒரு நொடியில் பாரம் இறங்கியது போல இருந்தது. யார் முதலில் என்ற கேள்விக்குப் படத்தில் ஏற்கெனவே பதில் இருந்தது.

தெலுங்குக் கூட்டத்திடம் போய்ச் சொன்னேன். முணுமுணுத்தபடி இரண்டாகப் பிளந்து நின்றார்கள். வண்டி முனைக்கு வந்தது. வண்டிக்குப் பின்னால் சிவப்புக் கொடியைக் குறுக்கே பிடிக்கச் சொல்லிவிட்டு, பச்சைக் கொடியோடு நான் வண்டிக்கு முன்னால் நடந்தேன். பாதி தூரம் வந்ததும் எதிரே அண்ணன் நகராமல் நின்றான். அவன் பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை. வண்டியை விட்டால் அதன் பின்னாலேயே தெலுங்குக் கூட்டமும் நுழைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, வண்டி மட்டும்தான். பின்னாடி ஒர்த்தரும் வரமாட்டாங்க. நான் பொறுப்பு."

"உன் பொறுப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றான் அண்ணன். "நீ எங்க ஆளா, அவங்க ஆளா? அத மொதல்ல சொல்லு."

வண்டி நின்றுவிட்டது. நின்றதும் உள்ளே கிடந்தவர் கண்ணைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும். முனிரத்தினம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முகம் சாம்பல் நிறம். அவருக்கு மேலே, இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றில் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே வெள்ளை வெயில். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது போல மெல்லக் கேட்டார்:

"இன்னா திருவிழா இது?"

மாட்டின் கழுத்து மணி ஒரு தடவை அசைந்து ஓய்ந்தது. தெலுங்குக் கூட்டத்தின் முன்னால் நின்ற ஒரு நரைமீசைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். சற்று முன் என்னைப் பார்த்துக் கத்தியவர் அவர்தான்.

"கங்கம்மா ஜாத்தர, நைனா," என்றார் தமிழில். "கம்முனு படுத்துக்கோ. சாமி பார்த்துக்கும்."

முனிரத்தினம் ஒரு கையை மார்புக்கு மேல் கொண்டுவந்து கும்பிட முயன்றார். இன்னொரு கை வரவில்லை. அண்ணன் அதைப் பார்த்தான். கொடி மூங்கிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னால் திரும்பி, "தள்ளுங்கப்பா, தள்ளுங்க. வண்டி போவட்டும்" என்றான். கூட்டம் கலைந்து கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வண்டி அவர்களைத் தாண்டி ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பும் வரை இரண்டு பக்கமும் அப்படியே நின்றார்கள். எதிர்முனையிலிருந்து ஒருவரும் உள்ளே நுழையவில்லை.

வண்டி போனதும் பழைய கேள்வி திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். அது வருவதற்குள் நான் பேசிவிட்டேன். இரண்டு மொழியிலும் சொன்னேன். யாரும் முதலில் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வாருங்கள், ஆளுக்குப் பின்னால் ஆளாக, அவரவர் இடது கைப் பக்கமாக. பஸ் போகும் அகலத்தில் இரண்டு ஒற்றை வரிசை போகும். கொடிகளைச் சாய்த்துப் பிடியுங்கள், மூங்கில் தடுப்பில் சிக்கும். இவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் முதலில் காலை வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து நரைமீசைக்காரர் வைத்தார்.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை. ஒற்றை வரிசையில் நடப்பவனால் கோஷம் போட முடியாது, காலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோளோடு தோள் உரச, இரண்டு வரிசைகள் எதிரும் புதிருமாக ஊர்ந்தன. சிமெண்டுத் தூசி கிளம்பி, முழங்கால் வரை வெள்ளையாக மிதந்தது. அதற்குள் கால்கள் தெரியவில்லை, மனிதர்கள் மிதந்து போவது போல இருந்தது. பள்ளத்தின் பக்கம் வந்தவர்கள் தடுமாறும்போது எதிர் வரிசையிலிருந்து கை நீண்டது. யார் யாருடைய முழங்கையைப் பிடித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு குடை மட்டும் பள்ளத்தில் விழுந்தது. கடைசி ஆள் கடந்து வெகுநேரம் கழித்துத்தான் இரண்டு பக்கமும் மறுபடி கோஷம் கேட்டது, ரொம்பத் தூரத்தில்.

சாயங்காலம் ஏ.இ. வந்தார். சொன்னேன். மூங்கில் தடுப்பைக் கையால் ஆட்டிப் பார்த்தார், இன்னொரு வரிசை மூங்கில் கட்டச் சொன்னார், போய்விட்டார். ஞானம்மாளிடம் முனிரத்தினத்தைப் பற்றிக் கேட்டதற்கு, எலும்பை வைத்துக் கட்டியாயிற்று, பிழைத்துக்கொள்வார், கொஞ்சம் விந்தி நடப்பார் என்றார். அப்படியேதான் ஆனது.

அன்று பஸ் தவறிவிட்டதால் அண்ணன் என் அறைக்கு வந்தான். சாப்பாடு வாங்கி வைத்தேன். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். கை கழுவிய பிறகுதான் பேசினான்.

"நடுவுல நிக்கறவன் மேலதான் வண்டி ஏறும். தெரிஞ்சிக்கோ."

தெரியும் என்றேன். அவன் படுத்துக்கொண்டான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. கூடப் பிறந்தவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பின்னால் எல்லை முடிவானபோது சில ஊர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அண்ணன் அதற்கு ரொம்ப வருத்தப்பட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஊர்வலத்துக்கு மறுநாள் காலையில் நடந்தது. அண்ணன் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். நான் பாலத்துக்கு வந்தபோது திருப்பதி முனைக் கொடிக்காரர் இல்லை, வயிற்று வலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாராம். வழிக்குள் ஒரு பஸ்ஸும் ஆறேழு மாங்காய் வண்டிகளும் முட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்து ஓடினேன். அப்படி ஒன்றும் இல்லை. வண்டிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. முனையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிவப்புக் கொடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் ஏற வேண்டிய பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. முந்தப் பார்த்த ஒரு வண்டிக்காரரைப் பார்த்து அவன் அதட்டினான்.

"ஆகு, ஆகு. வெனக்கு போ."

நில், பின்னால் போ என்று அர்த்தம். சுத்தமான தெலுங்கு. அதட்டிவிட்டுத் திரும்பியவன் என்னைப் பார்த்தான். எதிர் முனையில் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே, மெல்லக் கொடியை மாற்றிப் பச்சையைத் தூக்கினான்.